வீட்டுக் குரல்களைத் தெரியாத தளங்களில் ஏற்ற வேண்டாம்



எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போன நம்மவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் பேசி அனுப்பினார்கள். கோல் எடுக்கிற செலவு யாருக்குக் கட்டும்? வாப்பா அங்கிருந்து பேசுவார். உம்மும்மா இங்கிருந்து பதில் பேசுவார், இடையில் பிள்ளை அழும், காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிக்கும். வெள்ளவத்தையில் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் அந்தக் கசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. பேசியவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் அவற்றை எம்பி3 ஆக்கித் தருகிறோம் என்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்கள் செய்கிற முறை எங்களுக்குப் பிடிக்கவில்லை. கூகுளில் தேடி, முதலில் வருகிற இலவசத் தளத்தில் ஃபைலை ஏற்றிவிடுகிறார்கள். வட்ஸ்அப் வொய்ஸையும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். அது ஓபஸ் என்ற வகை. பென் டிரைவ் போடுகிற பழைய அம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் பாடாது, அதனால்தான் இந்த அலைச்சல்.

அந்தக் கசட்டில் இருப்பது என்ன? யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் குமருக்கு எங்கே கலியாணம் பேசுகிறார்கள், யாரோடு யாருக்குக் கோபம். இதை முகம் தெரியாத ஒருவனின் சேர்வருக்கு அனுப்பலாமா? 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் இப்படியான இலவச மாற்றுத் தளங்களைப் பற்றியே எச்சரித்தது. கேட்ட வேலையைச் செய்து தந்துகொண்டே கம்பியூட்டருக்குள் வைரஸ் வைக்கும், ஏற்றிய ஃபைலில் உள்ள விவரங்களையும் உருவும் என்றது.

காசு கொடுத்து வாங்கலாம் என்றால், மாதச் சந்தா டொலரில். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு அது சரிவராது. பூட்டு உடைத்த கொப்பி வாங்குவது களவு, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதற்குள்ளும் வைரஸ் இருக்கும்.

இரண்டுமே தேவையில்லை என்பதுதான் எங்கள் கருத்து. 2000ஆம் ஆண்டிலிருந்து ஒடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது. கசட் பிளேயரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயரைக் கம்பியூட்டரின் லைன்-இன் துளைக்குக் கொடுத்தால் நேரே பதியலாம். லைன்-இன் இல்லாத லெப்டொப்புக்கு யூஎஸ்பியில் செருகுகிற சிறிய சவுண்ட் கார்ட் போதும். வட்ஸ்அப் வொய்ஸை எம்பி3 ஆக்க விஎல்சி போதும். படம் பார்க்கப் பலர் வைத்திருக்கிற அதே விஎல்சிதான், மீடியா மெனுவில் கன்வர்ட் என்று இருக்கிறது. இரண்டும் நம் கம்பியூட்டருக்குள்ளேயே வேலை செய்யும், குரல் வீட்டை விட்டு வெளியே போகாது. இறக்கும்போது மட்டும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். தேடலில் மேலே விளம்பரமாக வருவதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று. முதல் பதிவை எம்பி3 ஆக வைக்காதீர்கள். எம்பி3 ஃபைலைச் சிறிதாக்க ஒலியின் ஒரு பகுதியை எறிந்துவிடும். பிறகு அதை வேவ் ஆக மாற்றினாலும் எறிந்தது திரும்பி வராது. (ஒரு கடையில் கொடுத்து வாங்கிய கசட் ஒன்றில் உம்மும்மாவின் குரல் தகரப் பீப்பாய்க்குள் இருந்து வருவது போலிருந்தது. நல்ல காலம், கசட்டைத் திருப்பித் தந்தார்கள்.) சிடி தரத்தில் வேவ் நிமிடத்துக்கு 10 எம்பி அளவில் வரும், 60 நிமிடக் கசட்டுக்கு 600 எம்பி. ஃப்ளாக் வகையில் சேமித்தால் தரம் குறையாமல் அதில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கும். அதை வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு அனுப்ப மட்டும் எம்பி3 எடுங்கள்.

மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கசட் பிளேயருக்குத்தான். வீடுகளில் உள்ளவற்றில் ரப்பர் பெல்ட் இளகிப்போய், நாடாவையும் சேர்த்துச் சிக்கவைக்கின்றன. நல்ல கசட்டைப் போட முன் வேண்டாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடுகிற டெக் யார் வீட்டிலாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். லெப்டொப்பும் வயரும் நாங்கள் கொண்டு வருகிறோம்.