கேட்பவருக்கேற்ற வாக்கியம்

அரபு இலக்கணம் படிக்கப் போகிறவர் முதலில் சந்திப்பது ஜைதையும் அம்ரையும்தான். 'ளரப ஜைதுன் அம்ரன்' என்றால், ஜைது அம்ரை அடித்தான். அடித்தவன் பெயர் 'உன்' என்று முடியும், அடிபட்டவன் பெயர் 'அன்' என்று முடியும். நம்முடைய 'ஐ' உருபின் வேலையை அங்கே இந்தக் கடைசி ஒலி பார்க்கிறது. அதனால் 'ளரப அம்ரன் ஜைதுன்' என்று இடம் மாற்றினாலும் அடி வாங்குவது அம்ர்தான். இந்த ஈற்று மாற்றத்துக்கு 'இஃராப்' என்று பெயர்.

யார் அடித்தது என்பது மாறாதபோது இடத்தை ஏன் மாற்ற வேண்டும்? தங்களுக்கு முக்கியமானதை அரபியர் முன்னால் வைப்பார்கள் என்று 8ஆம் நூற்றாண்டிலேயே பஸ்ராவின் இலக்கண அறிஞர் சீபவைஹி எழுதிவிட்டார். பின்வந்தவர்கள் அந்த விளக்கத்தோடு திருப்தியடைந்துவிட்டார்களே என்பது இன்னொரு இலக்கண அறிஞர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானியின் ஆதங்கம். ஏன் முக்கியம், எப்படி முக்கியம் என்று சொல்ல வேண்டாமா என்று கேட்டவர் அவர். 1078 வாக்கில் காலமானார்.

இடமாற்றத்துக்கு மட்டுமல்ல, கூடுதலாக வரும் சொல்லுக்கும் காரணம் உண்டு என்று காட்ட அவருடைய 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. தத்துவ ஞானி அல்கிந்தி, இலக்கண அறிஞர் அபுல் அப்பாஸிடம் போய், அரபியர் பேச்சில் வெட்டிச் சொற்கள் இருக்கின்றன என்றாராம். 'அப்துல்லாஹி காயிமுன்', 'இன்ன அப்தல்லாஹி காயிமுன்', 'இன்ன அப்தல்லாஹி லகாயிமுன்'. மூன்றுக்கும் 'அப்துல்லாஹ் நிற்கிறார்' என்பதுதானே பொருள்? அபுல் அப்பாஸ் ஒப்பவில்லை. முதலாவது, வெறும் தகவல். இரண்டாவது, நிற்கிறாரா என்று கேட்டவருக்குப் பதில். மூன்றாவது, நிற்கவே இல்லை என்று சாதிப்பவருக்கு மறுப்பு. அல்கிந்தியிடம் பதில் இல்லை.

கேள்வியிலும் இப்படித்தான். 'அஃபஅல்த்த' என்றால், நீ செய்தாயா? காரியம் நடந்ததா என்பதிலேயே சந்தேகம். 'அஅன்த்த ஃபஅல்த்த' என்றால், நீயா செய்தாய்? காரியம் நடந்துவிட்டது, ஆள்தான் தெரிய வேண்டும். 'ஆ' இடம் மாறினால் என்ன ஆகும் என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை.

ஆனாலும் மதரஸாக்களில் இந்தப் பாடம் 'பலாகத்' என்ற பெயரில் மேல் வகுப்புக்குப் போய்விடுகிறது. அதுவரை மாணவர் ஈறுகளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். அரபு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜைதும் அம்ரும் வரும் முதல் வாரத்திலேயே அப்துல்லாஹ்வையும் வகுப்புக்குள் அழைத்து வாருங்கள்.