கடன் வாங்காதவளுக்குக் கணக்கு இல்லையா?

"யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்க மாட்டா" என்று பெயரெடுப்பது நம் வீடுகளில் பெரிய பெருமை. பால்காரர், மளிகைக் கடை, சீட்டுப் பிடிக்கும் மாமி என்று எல்லாருக்கும் தேதி தவறாமல் கொடுத்துவிடுவோம். ஆனால் கார் வாங்கக் கடன் கேட்டு பாங்க் படி ஏறினால் அந்தப் பெருமை அங்கே செல்லாது. அவர்களுக்கு வேண்டியது கம்ப்யூட்டரில் இருக்கும் நம்முடைய கடன் ஜாதகம்.

எங்கள் தெருவில் ஒரு சகோதரி தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடித்துத் துவண்டுபோய் வருகிற கிழவியை ஆட்டோவில் குலுங்கக் குலுங்கக் கூட்டி வர மனசு கேட்காமல், கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். சின்னதாக ஒரு கார் வாங்கலாமென்று ஒரு பாங்கில் கேட்டார். "உங்க பேர்ல எந்த விவரமும் இல்லையேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இருபது வருஷமா சீட்டு கட்டறேன். நகையை அடகு வெச்சு ஒரு நாள் தள்ளாம மீட்டிருக்கேன். அதெல்லாம் கணக்கில்லையாக்கா?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சீட்டு மாமியின் நோட்டுப் புத்தகத்திலும், தெருமுனை அடகுக் கடை ரசீதிலும் இருப்பது அந்த ஜாதகத்தில் ஏறுவதில்லை. வீட்டுக் கடனும் ஸ்கூட்டர் கடனும் கணவர் பெயரில் இருந்தன. தவணைக்குப் பணம் சேர்த்தது இவர்; பெயர் வாங்கியது அவர்!

இந்த ஜாதகத்தை எழுதி வைக்க நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடனே வாங்காதவர்களுக்கு மதிப்பெண் இருக்காது. -1 என்று காட்டும். அது கெட்ட பெயர் அல்ல, வெற்றுத்தாள். முதல்முறை கடன் கேட்பவரை, பழைய கடன் விவரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க வேண்டாம் என்று ரிசர்வ் பாங்க் 2025 ஜனவரியில் அறிவுறுத்தியிருக்கிறது. இதை நீங்கள் பாங்கில் பணிவாக எடுத்துச் சொல்லலாம். ஆனால் "கட்டாயம் கொடு" என்று அதற்கு அர்த்தமில்லை. திருப்பிக் கட்ட முடியும் என்று நாம்தான் காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? தையல்கடைச் சகோதரி செய்ததையே சொல்கிறேன். பல வருஷமாகச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிற பாங்கிலேயே கேட்டார். கூலி முழுவதும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. இரண்டு வருஷ வருமான வரிக் கணக்கையும் கொண்டுபோனார். காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டார். மாத வருமானம் உள்ள தம்பி கூட்டு மனுதாரராகக் கையெழுத்துப் போட்டார். கடன் கிடைத்தது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாம் தவணை தவறினால் கையெழுத்துப் போட்டவரின் ஜாதகமும் கெடும்.

ஒரு இடத்தில் இல்லையென்றால் கோபத்தோடு ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் மனுப் போடாதீர்கள். ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகும். "பணத்துக்கு அலைகிறாள்" என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

முதல் கடன் என்று தெரிந்தால் சிலர் தலையில் மிளகாய் அரைக்கப் பார்ப்பார்கள். "ஒன்பதே பர்சென்ட்தாம்மா" என்பார்கள். எந்த ஒன்பது என்று கேளுங்கள். 5 லட்சம் ரூபாய், 5 வருஷம், குறையும் பாக்கிக்கு வட்டி என்றால் மாதம் சுமார் 10,380 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 1,22,750. அதே ஒன்பதை ஃபிளாட் ரேட் என்று போட்டால் வட்டி 2,25,000! தவணை குறைகிறதே என்று 7 வருஷத்துக்கு இழுத்தால், குறையும் பாக்கி முறையிலேயே வட்டி சுமார் 1,75,700 ஆகிவிடும். ஆகவே மாதம் எவ்வளவு என்பதோடு, கடைசியில் மொத்தம் எவ்வளவு என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய காருக்குப் பொதுவாக வட்டி கூடுதல். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் செலவையும் தவணையோடு கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கடன் அடைந்ததும் பாங்கில் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி. புத்தகத்திலிருந்து பாங்க் பெயரை ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் நீக்கிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் காரை விற்கும்போது அலைச்சல்.

கார் இப்போது வேண்டாம் என்கிற சகோதரிகளும் ஜாதகத்தை இன்றே எழுத ஆரம்பிக்கலாம். பாங்கில் சின்னதாக ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். மாத மளிகையை மட்டும் அதில் வாங்கி, முழுப் பணத்தையும் கெடுவுக்குள் கட்டுங்கள். நகைக்கடன் அவசியமானால் தெருமுனையை விட்டுவிட்டு, பாங்கில், உங்கள் பெயரில் வையுங்கள். அந்த நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே பார்த்துக்கொண்டால் மதிப்பெண் குறையாது. பெயர், பான் எண் சரியா, வாங்காத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

வீட்டுக்காரர் பெயரிலேயே எல்லாம் இருக்கட்டுமே என்று இருந்துவிடாதீர்கள். கட்டுகிறவள் நீங்கள் என்றால், பெயரும் உங்களுடையதாக இருக்கட்டும்.