விடை சொல்லும் கருவியும் விளையாடும் பிள்ளையும்



சதுரங்கத்தில் நாட்டமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலரிடம் ஓர் எண்ணம் உண்டு. கணினி நிரலோடு அன்றாடம் ஆடினால் ஆட்டம் தானே வளர்ந்துவிடும் என்பதே அது. சற்றுப் பொறுத்துச் சிந்தியுங்கள்.

1997 மே மாதம் நியூயார்க்கில், ஐ.பி.எம். நிறுவனத்தார் இதற்கெனவே உருவாக்கிய டீப் புளூ என்னும் இயந்திரம், உலக சாம்பியன் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. இன்றோ, விலையின்றிக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் நிரல் கைபேசியில் இயங்கியே எந்தச் சாம்பியனையும் வீழ்த்திவிடும். அதன் முழு வலிமைக்கு எதிரே பன்னிரண்டு வயதுச் சிறுவனை அமர்த்துவதால் யாது பயன்? நாள்தோறும் தோற்பான், ஏன் தோற்றோம் என்பது மட்டும் விளங்காது. வலிமையைக் குறைத்து வைத்தாலும் குறை தீர்வதில்லை. பத்து நகர்த்தல்களைப் பிழையின்றி ஆடிவிட்டு, காரணமின்றி ஒரு குதிரையைத் தானம் செய்துவிடும். மனிதர் அவ்வாறு பிழைப்பது அரிது. ஆகவே ஆட்டத்திற்கு மனிதரே துணை. நிரலின் வேலை ஆட்டம் முடிந்த பின்னரே தொடங்குகிறது.

அப்போதும் உடனே அதைத் திறந்துவிடலாகாது. ஆட்டத்தின் நகர்த்தல்களைப் பிள்ளை முதலில் ஏட்டில் எழுதி வைக்கட்டும். எந்த இடத்தில் ஐயுற்றான், எதை அஞ்சினான், எதிரியின் எந்த நகர்த்தலைக் காணத் தவறினான் என்பதைத் தன் சொற்களிலேயே ஓரத்தில் குறிக்கட்டும். அதன்பின் நிரலைக் கேட்கலாம். அது +1.5 என்று காட்டினால், வெள்ளைக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சிப்பாய் அளவு மேன்மை என்று பொருள். அந்த எண் எதனால் வந்தது என்பதை அது சொல்லாது. காரணத்தைத் தேடுவது பிள்ளையின் பொறுப்பு. பயிற்சி என்பதே அந்தத் தேடல்தான்.

ஹிப்ளு வகுப்பில் மாணவன் ஒப்புவிக்கும்போது உஸ்தாது முந்திக்கொண்டு ஓதிவிடுவதில்லை. நா தடுமாறும் இடத்தில் சற்றுக் காத்திருப்பார். அவன் தேடிப் பார்த்தும் கிட்டாதபோதே எடுத்துக் கொடுப்பார். நிரலுக்கோ காத்திருக்கத் தெரியாது. அந்தப் பொறுமையை வீட்டிலுள்ள நாம்தான் அதற்கு ஈடாகத் தரவேண்டும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதிலேயே உலக சாம்பியனான சென்னையின் குகேஷை நினைத்துப் பாருங்கள். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை இத்தகைய நிரல்களின் துணையின்றியே அவரைப் பயிற்றுவித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வளவு கடுமை வேண்டுமென்று நான் கூறவில்லை. அந்த வைராக்கியம் எல்லா வீட்டிலும் கைகூடாது.

முழு வலிமையுள்ள நிரலோடு நேருக்கு நேர் ஆடத்தக்க இடம் ஒன்று உண்டு. அது இறுதியாட்டம். பிள்ளையின் பக்கம் ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். எதிரே ராஜாவும் யானையும் மட்டும். முறையாக ஆடினால் வெல்லக்கூடிய நிலை ஒன்றைப் பயிற்சி நூலிலிருந்து எடுத்துக் கொடுங்கள். நிரல் இறுதிவரை தளராமல் தடுத்து ஆடும். சிறு சறுக்கலையும் விடாமல் பற்றிக்கொண்டு ஆட்டத்தைச் சமனாக்கிவிடும். அதே நிலையை மீண்டும் அடுக்கி, வெல்லும் வரை ஆடச் சொல்லுங்கள்.