தேவதாரு

இமயத்தின் மேற்குச் சரிவுகளில் வளரும் மரங்களுள் தலைசிறந்தது தேவதாரு. ‘தாரு’ என்னும் வடசொல்லுக்கு மரம் என்பது பொருள். ஆதலின், தேவதாரு என்பது தெய்வ மரம் எனப் பொருள்படும். தமிழ்நாட்டுக் காடுகளில் தேவதாரம் என வழங்கும் சிறுமரம் ஒன்று உண்டு. அது வேறு, இது வேறு.

காசுமீரம், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய பகுதிகளில், ஏறத்தாழ 1,500 முதல் 3,000 மீட்டர் வரை உயர்ந்த இடங்களில் இம்மரம் செறிந்து வளரும். 40 அல்லது 50 மீட்டர் உயரம் ஓங்கிப் பல நூறு ஆண்டுகள் வாழும். ஊசி போன்ற இதன் இலைகள் கொத்துக் கொத்தாக அமைந்து, பனிக்காலத்திலும் பசுமை மாறாதிருக்கும். கூம்புக் காய்கள் கிளைமேல் நிமிர்ந்து நின்று, முதிர்ந்தபின் செதில் செதிலாக உதிர்ந்து, சிறகுடைய விதைகளைக் காற்றில் பரப்பும்.

இதன் பெருமை வைரத்தில் உள்ளது. எண்ணெய்ப் பசையும் நறுமணமும் உடைய அவ்வைரத்தைக் கறையான் எளிதில் அரிப்பதில்லை. ஈரமும் விரைவில் அழிப்பதில்லை. சீநகரின் ஜாமியா மசூதியை 378 மரத்தூண்கள் தாங்குகின்றன. அவை தேவதாருவால் ஆனவை. வீமன் மனைவி இடிம்பிக்கு மணாலியில் 1553-ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற கோயில், தேவதாருக் காட்டின் நடுவே அம்மரத்தால் அமைந்து, 400 ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

எனினும், அவ்வுறுதியே மரத்திற்குப் பகையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இந்தியாவில் இருப்புப்பாதைகள் பெருகின. தண்டவாளங்களைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளுக்காகத் தேவதாருக் காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டன. தலைமுறை பல கண்ட மரம் ஒரே நாளில் வீழ்ந்தது. அது தந்த கட்டையோ சில ஆண்டுகளிலேயே மாற்றத்தக்கதாயிற்று. மரவரவு குறையும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, 1864-இல் வனத்துறையை நிறுவி, மறு ஆண்டில் காட்டுச் சட்டம் இயற்றியது. 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ, காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் உரிமையையும் சுருக்கிற்று. அளவின்றி வெட்டியவர் ஒருவர், அல்லலுற்றவர் மற்றொருவர்.

மரத்தை வெட்டவே கூடாது என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பனி மிகுந்த நாட்டில் மலைமக்களுக்கு வீடு வேண்டும். வீட்டிற்கு மரம் வேண்டும். ஆனால், ஒரு மரம் வளர்ந்த காலத்திற்குக் குறையாத காலம் அதன் பயனும் நிலைத்தல் வேண்டும். கோயில் தூண் இவ்வளவுகோலுக்கு ஒத்தது. குறுக்குக் கட்டை ஒவ்வாதது.

வெட்டப்படாத மரமும் வீணாக நிற்பதன்று. அதன் வேர் சரிவின் மண்ணைப் பற்றி நிறுத்துகின்றது. அதன் நிழல் ஊற்றைக் காக்கின்றது. வெட்டிய மரத்தின் பயனுக்கு எல்லை உண்டு. நிற்கும் மரத்தின் பயன் நாள்தோறும் தொடர்வது. இதனை உணர்ந்து, ஒன்றை வெட்டுமுன் பல கன்றுகளை நட்டு வளர்ப்பதே அறிவுடையோர் செயலாகும்.