இலையென்றால் கிட்னிக்கு வேலை இல்லையா?

"செடியிலிருந்து வந்ததுதானே! ஸ்டீவியா கிட்னியைத் தொடவே தொடாது. டயாலிசிஸ் செய்கிறவர்கூட அள்ளிப் போடலாம்." பீடோங் ஒட்டுக்கடைகளில் தே ஓ கோசோங் கேட்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. இனிப்புநீர்க்காரருக்குச் சீனியைவிட ஸ்டீவியா மேல் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. காரணமாகச் சொல்வதுதான் தவறு.

முதலில், அது கிட்னியைத் தொடாது என்பது. ஸ்டீவியாவின் இனிப்புப் பொருள் சிறுகுடலில் செரிப்பதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை உடைத்து ஸ்டீவியால் ஆக்குகின்றன. அது ரத்தத்தில் ஏறி, கல்லீரலில் குளுகுரோனிக் அமிலத்தோடு சேர்ந்து, சிறுநீரில் வெளியேறுகிறது. எலிக்குப் பித்தநீர் வழியே மலத்தில் போய்விடும்; மனிதனுக்குக் கிட்னிதான் வாசல்.

இயற்கையானது கெடுக்காது என்பவர்கள் நம்மூர் பெலிம்பிங் பழத்தை மறந்துவிட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர் அதைத் தின்றால் நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, இறந்தவர்களும் உண்டு. வெளியேற வேண்டிய நச்சு தங்கிவிடுவதுதான் காரணம். அதற்குக் கேரம்பாக்ஸின் என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2013இல் பெயரிட்டார்கள். மரத்தில் காய்த்த பழம்தான் அதுவும்.

'எவ்வளவும் போடலாம்' என்பதற்கும் ஆதாரமில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, 2008இல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் என்று வரம்பு வைத்தது. அறுபது கிலோ ஆளுக்கு அது, ஸ்டீவியாவின் இனிப்புப் பொருள்களில் ஒன்றான ரெபாடியோசைடு ஏ கணக்கில், ஏறக்குறைய 0.7 கிராம். இனிப்பில் 140 கிராம் சீனிக்குச் சமம். தேத்தண்ணியில் மட்டும் போட்டு அதை எட்டுவது கடினம். ஆனால் அந்த வரம்பு 95 விழுக்காடாவது சுத்திகரித்த சாற்றுக்கு உரியது. தொட்டியில் வளர்த்துப் பறித்த இலைக்கு அதை நீட்டக்கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முழு இலையை இனிப்பூட்டியாக ஏற்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பொட்டலம். முன்பக்கத்தில் பச்சை இலை. உள்ளே பல வகைகளில் பெரும்பங்கு எரித்ரிட்டால் என்னும் வேறொரு இனிப்பூட்டி. குடித்ததில் சுமார் 90 விழுக்காடு மாறாமல் அப்படியே சிறுநீரில் போகும் சரக்கு அது. கிட்னியைத் தொடாது என்று வாங்கியவர், உண்மையில் கிட்னிக்கே அனுப்பும் பொருளைக் கலக்கிக் குடிக்கிறார். நல்ல கிட்னிக்கு அது சுமையல்ல. கிரியேட்டினின் ஏறியவரோ பொட்டலத்தைப் புரட்டி, பொடி எழுத்தைப் படித்து, கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டட்டும்.