யாருடைய கண்ணுக்குத் தேவை?

குளோசப், கட் எல்லாம் வெறும் தொழில்நுட்பம் என்கிறார்கள். நான் மறுக்கிறேன். நாயகன் பார்க்கிறான், கட், நாயகியின் இடுப்பு. முகம் வருமுன்பே அவள் உடல் துண்டாகிவிடுகிறது. அந்த ஒரு வெட்டு அவன் கண்ணை நம் கண்ணாக்குகிறது. பெண்களாகிய நாமும் அவன் இடத்திலிருந்தே அவளைப் பார்க்கிறோம். லாரா மல்வி 1975இலேயே இதை எழுதிவிட்டார். அதே ஆண்டு பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் அகெர்மான் ‘ழான் டீல்மான்’ படத்தில் மாற்றைக் காட்டினார். அசையாத கேமரா, குளோசப் கிடையாது. ஒரு தாய் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதை வெட்டாமல் பார்க்கிறோம். வழக்கமாக எடிட்டிங்கில் முதலில் தூக்கியெறியப்படுவது இந்த வேலைதான். அவர் அதையே படமாக்கினார். எனவே, ‘கதைக்குத் தேவை’ என்று இடுப்பில் கேமராவை வைப்பவரிடம் கேளுங்கள், தோழியரே: யாருடைய கண்ணுக்குத் தேவை?