பேசாத கேங்குக்குத் தராசில் நியாயம் கிடைக்காது

தோட்டக் கமிட்டிக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் சில முறைப்பாடுகள் வரும். சம்பளம், கிலோக் கழிவு, ஒழுகும் லயத்துக் கூரை, டிஸ்பென்சரியில் மருந்து இல்லாதது எல்லாம் கூட்டத்திலேயே உரத்த குரலில் பேசப்பட்டுவிடும். அவற்றுக்கு வழி தெரியும்: துரைக்குக் கடிதம், தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு, அதற்கும் அசையாவிட்டால் வேலை நிறுத்தம். மற்றவை வாசலில் நின்று மெதுவாகச் சொல்லப்படுபவை. "தலைவரே, என்னைய அந்தக் கேங்குல இருந்து மாத்தி விடுங்க." ஏன் என்று கேட்டால் பதில் வராது. "சொன்னா இன்னும் கூடிப் போகும்" என்பதோடு சரி.

இந்தமுறை அந்த வாசல் முறைப்பாடுகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். கம்பனி நமக்குச் செய்வதைப் பற்றி இந்தப் பக்கங்களில் நிறைய எழுதியாயிற்று. ஒரே மலையில் கூடை கட்டி நிற்கிற நாம் ஒருவருக்கொருவர் செய்வதும் எழுதப்பட வேண்டும்.

பிரட்டு முடிந்து மலைக்கு ஏறியதும் நிரை பிடிப்பதில் முதல் மனக்கசப்பு. றோட்டில் போகிறவருக்குத் தேயிலை மலை முழுக்க ஒரே பச்சைதான். கொழுந்தெடுக்கிறவருக்குத் தெரியும், ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று. ஒன்று மட்டமான இடத்தில் வீ.பி. தேயிலை. அடுத்தது கல்லும் கானும் குறுக்கிட்டு, செடி செத்துப் புல்லேறி, நிற்கக் கால் பிடிக்காத சரிவு. நல்ல நிரைக்காரி காலை நிறுவைக்கு எட்டுக் கிலோ கொண்டு வரும்போது மற்றவர் ஐந்தைத் தாண்ட மாட்டார். கையில் குறையில்லை, நிரையில் குறை. நாள் முழுக்க அப்படியே போனால் சாயந்திரம் அரைப்பேர். அந்தச் சரிவு நிரை ஒரு நாள் வந்தால் தலைவிதி என்று விடலாம். கிழமைக்கு நாலு நாள் ஒரே ஆளுக்கு வந்தால் அது தலைவிதி இல்லை, யாரோ கொடுக்கிறார்கள்.

யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் எல்லாத் தோட்டத்திலும் ஒரே மாதிரி ஆட்கள்தான் வருகிறார்கள். வேறு தோட்டத்திலிருந்து கலியாணம் கட்டி வந்த புது மருமகள். புருசன் இல்லாதவர். கங்காணியிடம் ஒரு தடவை எதிர்த்துப் பேசியவர். வேறு சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறவர். ஐம்பத்தைந்து வயதை நெருங்கி, முழங்கால் வலியோடு இன்னும் மலையேறுகிற அக்காமார். சில இடங்களில் சாதியும் இதில் இருக்கிறது. தேத்தண்ணிப் போத்தலை யார் யாரோடு பகிர்கிறார்கள் என்று ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். பகிரங்கமாக யாரும் சொல்வதில்லை, நாம் சொல்லிவிடுகிறோம்.

நிரைக்குப் பிறகு வார்த்தை. கிலோ குறைந்தவரைப் பார்த்து, "உன்னாலதான் கேங்குக்கே ஏச்சு" என்று சொல்வது கங்காணி மட்டுமல்ல. பக்கத்து நிரைக்காரியும் சொல்கிறார். முத்தல் இலை கலந்ததாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பது, நிறுவை இடத்தில் சாக்கைக் கடைசிக்குத் தள்ளுவது, பேர் சொல்லிக் கூப்பிடாமல் பட்டப்பேர் வைப்பது, குடும்பக் கதையை இழுப்பது. எல்லாவற்றிலும் கொடியது பேசாமல் விடுவது என்பது எங்கள் கருத்து. ஏச்சுக்குப் பதில் ஏச்சாவது உண்டு. முப்பது பேர் சேர்ந்து ஒருத்தியோடு பேசாமல் விட்டால் அவர் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவார்?

இதைச் சொன்னால் நம் தலைவர்மாரில் சிலர் சிரிக்கிறார்கள். "பொம்பளச் சண்டை, நாளைக்குச் சரியாகிடும்" என்கிறார்கள். இரண்டு காரணத்துக்காக இதை நாம் ஏற்கவில்லை. முதலாவது, ஆண்கள் வேலை செய்கிற கவாத்து மலையிலும் புல்வெட்டிலும் இதே நடக்கிறது. அங்கே அதற்குச் சண்டை என்று பேர் வைப்பதில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, இது நாளைக்குச் சரியாகிற விசயம் இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் போதாது என்பதுதான் முதல் பதில். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், "அந்தப் பேச்சுக் கேட்டுக்கிட்டு யாரு அந்த மலைக்குப் போறது" என்றும் வரும்.

ஏன் இப்படி ஆகிறோம்? தோட்டத்து மனிதர்கள் இயல்பிலேயே பொறாமைக்காரர்கள் என்று சொல்கிறவர்களோடு நமக்குப் பேச்சில்லை. சாவு வீடு என்றால் லயமே திரண்டு வந்து அடுப்பு மூட்டுகிற சனம் இது. அதே சனம் மலையில் ஏறியதும் ஏன் மாறுகிறது என்றால், மலையில் ஆளை அளப்பது கிலோ.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. அதோடு பழைய கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போனது. 2024 செப்டெம்பரில் 1350 என்று வர்த்தமானி வந்தது. தொகை கொழும்பில் முடிவாகிறது. அந்தத் தொகைக்கு எத்தனை கிலோ என்பது தோட்டத்தில் முடிவாகிறது. ஒரு தோட்டத்தில் 18, பக்கத்தில் 20, இன்னொன்றில் அதற்கும் மேலே. கிலோவைக் கூட்டும்போது துரை எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. கேங்கில் கையோட்டம் உள்ள நாலு பேரைக் காட்டி, "இவங்க எடுக்கிறாங்க, மத்தவங்களுக்கு என்ன?" என்பார். அந்த நேரத்தில் அந்த நாலு பேரும் மற்ற இருபத்தாறு பேரும் பேசாதவர்களாக இருந்தால் வேலை முடிந்தது. யாருக்கும் ஒரு ரூபா செலவில்லாமல் கிலோ கூடிவிடும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கிற கிலோவும் அப்படித்தான். தன் சாக்கில் கழித்தால் ஆத்திரப்படுகிற நாம் பேசாதவள் சாக்கில் கழிக்கும்போது வேறு பக்கம் பார்க்கிறோம். நாளைக்கு நம் சாக்கு தராசில் ஏறும்போது அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

1984 வரை ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் என்று இருந்ததை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அந்த வருடத்து வேலை நிறுத்தத்துக்குப் பிறகுதான் சமமானது. அப்போதும் லயத்தில் பீலித் தண்ணிக்குச் சண்டை பிடித்தவர்கள்தான் வேலை நிறுத்தத்தில் ஒன்றாக நின்றார்கள். சண்டையே இல்லாத கேங் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

கங்காணியைப் பற்றியும் ஒரு சொல். அந்தக் காலத்துப் பெரிய கங்காணி ஆள் கட்டிக்கொண்டு வந்தவர். வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு விழும், ஆட்களின் கடனும் அவர் கையில். கடன் தீராமல் தோட்டம் மாற முடியாதபடி கட்டி வைத்த துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. இன்று கொழுந்து மலையில் நிற்கிற கங்காணிக்கு அந்தக் காசும் இல்லை, அந்த அதிகாரமும் இல்லை. மேலே வெளிக்கள உத்தியோகத்தரிடமும் சின்னதுரையிடமும் அவர் வாங்குகிற ஏச்சு நமக்குத் தெரியும். பழைய நாக்கு மட்டும் பலரிடம் அப்படியே இருக்கிறது. தாய் வயதுள்ளவரையும் "அடியே" என்று கூப்பிடுகிற நாக்கு. மேலே வாங்கியதைக் கீழே இறக்குவதற்குக் கொழுந்தெடுக்கிற பெண்கள் பாத்திரம் இல்லை. நல்ல கங்காணிமார் இருக்கிறார்கள். பெண்களே கங்காணியாக இருக்கிற இடங்களும் இப்போது உண்டு. அங்கேயும் சொந்தக்காரருக்கு நல்ல நிரை போகாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்கிறோம். ஆபாசமாகப் பேசுவது, உடம்பைத் தொடுவது, இணங்கினால் நல்ல நிரை என்று சாடை காட்டுவது ஆகியவை கேங்குக்குள் பேசித் தீர்க்கிற மனஸ்தாபம் இல்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு இவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது. வார்த்தையால் செய்வதும் அதில் அடங்கும். ஐந்து வருடம் வரை சிறை உண்டு. இதைக் கோயில் வாசலில் பஞ்சாயத்து வைத்து, மன்னிப்புக் கேட்க வைத்து மூடுகிற தலைவர் யாராக இருந்தாலும் அவர் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது அநியாயம் செய்கிறார். பொலிஸில் மகளிர் பிரிவு இருக்கிறது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. கூடப் போவதற்கு மாதர் தலைவி இருக்க வேண்டும்.

மற்றதை நாமே பார்க்கலாம். முதலில் நம் கேங்கில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். "உங்க கேங்ல பிரச்சினை இருக்கா?" என்று கூட்டத்தில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். அதனால் கேள்வியை மாற்றச் சொல்கிறோம். பத்து ரூபாய்ப் பேச்சை விட ஒரு அப்பியாசக் கொப்பி மேல். இரண்டு கிழமைக்கு யாருக்கு எந்த நிரை விழுந்தது, நிறுவையில் யார் சாக்கு எத்தனையாவதாகப் போனது, யாருக்கு எவ்வளவு கழிந்தது என்று மட்டும் எழுதுங்கள். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று எழுத வேண்டாம். எழுதுகிறவர் தினம் ஒருவராக மாறட்டும். அதோடு மனதுக்குள் ஒரு கணக்கு வையுங்கள்: இன்றைக்குத் தேத்தண்ணி நேரத்தில் தனியாக உட்கார்ந்தது யார்? குளவிக் கூட்டைக் கண்டால் யாருக்குச் சத்தம் போட்டுச் சொல்வேன், யாருக்குச் சொல்ல வாய் வராது? குளவி கொட்டி உயிர் போன செய்தி நம் மலைகளுக்குப் புதிதில்லை. பேசாதவளுக்கும் சேர்த்துச் சத்தம் போடுவோம் என்று எல்லாரும் சொல்வோம். அவர் எந்த நிரையில் நிற்கிறார் என்று தெரியாத கேங்கில் யாரைப் பார்த்துச் சத்தம் போடுவது?

ஒரு தோட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். பெயரை எழுதவில்லை. எழுதினால் யார் சொன்னது என்று மறுநாளே தேடுவார்கள். இரண்டு கிழமைக் கொப்பியில், எட்டு நாள் சரிவு நிரை ஒருவருக்கே விழுந்திருந்தது. கங்காணியே பார்த்துவிட்டு, "நான் வேணும்னு குடுக்கல, அவ கடைசியா வர்றா" என்றாராம். அவர் ஏன் கடைசியாக வருகிறார் என்று அப்போதுதான் கேட்டார்கள். கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு வர ஆயம்மா நேரத்துக்கு வருவதில்லை. ஆறு மாதமாகச் சோம்பேறி என்று பேர் வாங்கிய பெண். இப்போது அங்கே நிரையை ஓரத்திலிருந்து சுற்றுமுறையாகப் பிடிக்கிறார்கள். இன்று முதல் நிரை பிடித்தவர் நாளை கடைசிக்குப் போவார். ஆயம்மா விசயம் தோட்டக் கமிட்டிக்குப் போய்விட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். அங்கே இரண்டு பேர் இன்னும் பேசுவதில்லை. ஆனால் அவர்களும் முறைப்படிதான் நிரை பிடிக்கிறார்கள்.

சுற்றுமுறை நிரைக்குத் துரையின் அனுமதிக் கடிதம் தேவையில்லை. நிறுவையில் ஒவ்வொரு சாக்கின் கிலோவையும் கழிவையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கும் தேவையில்லை. ஒருவர் மேல் குறை இருந்தால் கங்காணியிடம் போவதற்கு முன் அவரிடமே போய்ச் சொல்வது, முடியாவிட்டால் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு அக்காவை வைத்துப் பேசுவது, பல தோட்டங்களில் பழைய ஆட்கள் செய்து வந்ததுதான். கூட்டம் கூட்டி ஒருத்தியை நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். அப்படிக் கேட்ட மன்னிப்பு ஒன்றும் நிலைத்து நாம் பார்க்கவில்லை. சங்கம் வேறு என்பதற்காக நிரை வேறாகக் கூடாது என்பதை மற்றச் சங்கத்துத் தலைவிமாரோடு உட்கார்ந்து பேச நம் தலைவிமார் தயங்க வேண்டாம். சந்தா அவரவர் சங்கத்துக்கே போகட்டும்.

கொப்பி வைக்க விரும்புகிற கேங்குகள் மாதர் தலைவியிடம் பேர் கொடுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு இரண்டு கிழமைக் கணக்கை அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வரலாம். அன்றைக்குக் கூட்டத்தின் முதல் அரை மணித்தியாலம் கொழுந்தெடுக்கிற பெண்கள் மட்டும் பேசட்டும், தலைவர்மார் அதுவரை இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கட்டும்.